மாத்திரை போட்டியா?

போட்டேன், போட்டேன், போட்டாச்சு. காலையில எட்டு மணிக்கு, ஒரு செம்புத் தண்ணியோட, எங்க வீட்டுக்காரர் லூர்து கண்ணு முன்னாடிதான் முழுங்கினேன், நாக்கைத் தூக்கிக் காட்டாததுதான் பாக்கி. அதுக்கப்புறமும் கேட்கிறார். உப்புமாவுல உப்பே இல்லைங்கன்னு நான் சொன்னதுக்கு அந்த மனுசன் சொன்ன பதில் அதுதான், "மாத்திரை போட்டியா மேரி?" பேர்லயே உப்பு இருக்கு, உள்ள உப்பில்லைன்னு ஒருத்தி சொன்னா உப்பு ஜாடியை எடுத்து வைக்கணும், இல்ல, இருக்குன்னு எதிர்த்துப் பேசணும். இது என்ன பதில்? கிளச்சை விடுங்க டீச்சர், பைய, பைய, பையன்னு சொன்னேன்ல, ஐயோ மாதாவே, நின்னுபோச்சு. பரவாயில்ல. நியூட்ரல் போடுங்க, சாவியைத் திருப்புங்க, இந்தா ஸ்டார்ட் ஆயிருச்சு, இப்ப ஃபர்ஸ்ட் போடுங்க. "ஸாரி மேடம், ஸாரி"ங்கிறாங்க வசுமதி டீச்சர். அம்பத்தோரு வயசு, ஏழாங்கிளாஸ் கணக்கு டீச்சர், எங்க டிரைவிங் ஸ்கூல்ல எல்லாரும் பதினஞ்சு கிளாஸ்ல முடிச்சுட்டுப் போயிருவாங்க, இவங்களுக்கு இது இருபத்திரெண்டாவது. மூணாவது கியரை இன்னும் கையால தொடல. தொட்டா வண்டி பறந்துருமாம். ஸாரியை வண்டிகிட்டச் சொல்லுங்க டீச்சர், எனக்கு எதுக்குன்னேன், சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல, நான் இன்னும் அந்த உப்புமாவுலயே நிக்கிறேன். "உனக்குன்னு தனியா நெய் விட்டுக் கிண்டியிருக்கேன் மேரி, அதைப் போயி" அப்படின்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டார் பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. நெய் யாரு கேட்டா? மக ஜெனிட்டா காலேஜ் பையை மாட்டிக்கிட்டே அவ தட்டுல ஒரு வாய் தின்னுட்டு, "சரியாத்தானம்மா இருக்கு"ன்னா. சொல்லிட்டு அவளும் அப்பாவைப் பார்த்தா, அவர் அவளைப் பார்த்தார், ரெண்டு பேரும் சேர்ந்து கேலண்டர் பக்கத்துல இருக்கிற மாத்திரை டப்பாவைப் பார்த்தாங்க. நான் ஒரு மனுசி அங்க உட்கார்ந்திருக்கேன்.

தமிழ்ல எல்லாமே போடுறதுதான். பதினாலு வருசமா இந்த இடது சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு நான் வேற என்ன சொல்லியிருக்கேன்? கியர் போடு, பிரேக் போடு, இன்டிகேட்டர் போடு, பெல்ட்டைப் போடு, பைக்குன்னா எட்டுப் போடு, எல்லாம் சரியாப் போட்டா ஆர்டிஓ ஒரு கையெழுத்துப் போடுவார். வீட்டுக்குப் போனா டீ போடு, சோறு போடு, பூட்டுப் போடு. முன்னாடியெல்லாம் நான் சண்டை கூடப் போடுவேன். நல்லாப் போடுவேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். இப்ப எனக்குன்னு மிச்சம் வச்சிருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதையும் போட்டேனான்னு நாளைக்கு நாலு தடவை விசாரணை. சரி, சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நடந்தது நடந்ததுதான். நாலு நாளாத் தூக்கமே கிடையாது, களைப்பும் கிடையாது, உலகத்துல எனக்கு மட்டும்தான் கார் ஓட்டத் தெரியும்கிற மாதிரி ஒரு நெனப்பு. ஒரு ஆட்டோக்காரர் எங்க ஸ்கூல் வண்டியை லேசா உரசினார். உரசினதுக்கு நான் இறங்கிப் போயி அவர் சாவியைப் புடுங்கிக் குளத்துல வீசினேன். அதோட விட்டேனா? செருப்பைக் கழட்டி நடுரோட்டுல உட்கார்ந்துக்கிட்டு, மன்னிப்புக் கேட்டாத்தான் எந்திரிப்பேன்னு ஒரு மணி நேரம் பஸ்ஸையெல்லாம் நிறுத்தி வச்சேன். அந்த ஆட்டோக்காரர் பாவம், முட்டளவு தண்ணியில இறங்கிச் சாவியைத் தேடிக்கிட்டு இருந்தார், அது இன்னைக்கும் கண்ணுல நிக்குது. வெட்கமா இருக்கு. பிறகு அவர் வீடு தேடிப் போயி மன்னிப்புக் கேட்டேன், அவர் சம்சாரம் காப்பி கூடக் குடுத்துச்சு. அது கோபம் இல்ல, அது நோவு. எனக்குத் தெரியும். ஆனா உப்பில்லைங்கிறது நோவா?

இன்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்புங்க டீச்சர், அது வைப்பர். மழையே இல்லாத ஊர்ல வைப்பர் ஓடுது, போகட்டும், அணைங்க. என் கையைப் பாருங்க, டேஷ்போர்டு மேல வச்சா டைப் அடிக்கிற மாதிரி ஆடுது. லேசா ஆடும்னு டாக்டரம்மா முதல்லயே சொன்னாங்கதான், தாகம் எடுக்கும்னும் சொன்னாங்க. ஆனா இந்த மூணு வாரமா ஆட்டம் கூடிப்போச்சு, முந்தாநாள் மாடிப்படியில கால் ஒரு பக்கமா இழுத்துச்சு, வயிறு வேற சரியில்ல. அதனாலதான் நேத்துக் காலையில ஆஸ்பத்திரியில போயி ரத்தம் குடுத்துட்டு வந்தேன், இன்னைக்கு ரிசல்ட்டுன்னாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, முதல்நாள், டாக்டரம்மா அந்த மாத்திரையைக் காட்டி, பயப்படாதீங்க, இது ஒண்ணும் பேய் மருந்து இல்ல, மண்ணுல கிடைக்கிற ஒரு வகை உப்புதான்னாங்க. எனக்குக் குபீர்னு சிரிப்பு. ஏம்மா, எங்க ஊர்ல ரோஷம் இல்லாதவனைப் பார்த்து உப்புப் போட்டுத்தானடா சோறு திங்கிறேன்னு கேப்போம், உப்புத் தின்னா ரோஷம் வரும், நீங்க என்னடான்னா கோபத்தை அடக்க உப்பைக் குடுக்கிறீங்களேன்னு கேட்டேன். அந்தம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, மேரி, உங்க ரோஷம் எனக்கு வேண்டாம், அதை நீங்களே வச்சுக்கங்க, நாலு நாள் தூங்காம சாவியை வீசுறாளே ஒருத்தி, அவளை மட்டும் நான் பார்த்துக்கிறேன்னாங்க. அப்படி ஒரு பேச்சை எனக்கு யாரும் பேசினதில்ல. அந்த வார்த்தைக்காகவே ரெண்டு வருசம் ஒரு வேளை தப்பாம முழுங்கியிருக்கேன். லூர்து அப்ப என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். உப்புதான்னு சொன்னது அவர் காதுல நல்லா விழுந்துச்சு. அதுக்கப்புறம் டாக்டரம்மா சாப்பாட்டைப் பத்தி என்னமோ சொல்ல ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள இவரு மருந்துக் கவுண்டர்ல டோக்கன் போடணும்னு எந்திரிச்சுப் போயிட்டார். எப்பவும் அப்படித்தான், மாநகராட்சியில தண்ணி வால்வு திறக்கிற வேலை பார்க்கிற ஆளு, ஒரு இடத்துல அஞ்சு நிமிசத்துக்கு மேல உட்கார்ந்தா எந்தத் தெருவுலயோ தண்ணி வீணாப் போற மாதிரி இருக்கும் அவருக்கு.

பின்னாடி பஸ்காரன் அடிக்கிற ஹாரன்ல வண்டிக் கண்ணாடியே அதிருது. எல் போர்டு தெரியலையா அவனுக்கு? டீச்சர் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல ஒட்டிப்போயி, "ஸாரி, ஸாரி"ன்னு பஸ்ஸுக்கே மன்னிப்புக் கேட்கிறாங்க. இந்தா, வருது. எனக்குத் தெரியும், அடிவயித்துல இருந்து கிளம்பி, நெஞ்சுல சூடா நின்னு, காது மடல்ல போயி உட்காரும். முன்னாடின்னா அது காதுக்கு வந்து சேரும்போது நான் ரோட்டுல இறங்கி நிப்பேன். இப்ப இல்ல. இந்த மாத்திரை கோபத்தை எடுத்துருச்சுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, கிழிச்சுது. கோபத்துக்கும் கைக்கும் நடுவுல துண்டு போட்டு ஒரு சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். அந்தச் சீட்டுல நான் உட்கார்ந்துக்கிட்டு யோசிக்கலாம். யோசிச்சேன். கண்ணாடியை இறக்கினேன், கையை வெளிய நீட்டி, போயான்னு வழி காட்டினேன், போகும்போது ஒரு வார்த்தை சொன்னேன், ஒரே ஒரு வார்த்தை, டீச்சர் காதுல விழுகிற மாதிரி சொல்லல. பஸ் போயிருச்சு. ஸ்கூல் முதலாளி ராமையா சார் போன மாசமே சொல்லிட்டார், மேரி, இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. கம்ப்ளெய்ன்ட் பண்ணினது யாரு? ஸ்டியரிங்கை விட்டுட்டு மீசையை முறுக்கின ஒருத்தன். அவனை வஞ்சேன். வையாம? நான் வையலைன்னா அவன் அன்னைக்கு ஒரு ஆட்டைக் கொன்னிருப்பான். ஆனா ராமையா சார் நான் சொன்னதைக் கேட்டு முடிச்சுட்டு, குரலைத் தாழ்த்தி, "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்கல்லம்மா?"ன்னார். ஆடு தப்பிச்சது யாருக்கும் கணக்கில்ல.

அதை விடுங்க, அதுகூடப் பொறுத்துக்குவேன், பொறுக்க முடியாதது நாக்குதான். மூணு வாரமாச் சோறு மண்ணு மாதிரி இருக்கு. புளிக்குழம்பு வெறும் புளி, ரசம் வெந்நீர், மீன் குழம்பு, யேசப்பா, அந்த மீனைப் பிடிச்சவன் அழுவான். முதல்நாள் சொன்னேன், உப்பில்லைங்கன்னு. இருக்கேன்னார். ரெண்டாவது நாள் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன். ஜெனிட்டா அவ தட்டுல இருந்து தின்னு பார்த்து, இருக்கேம்மான்னா. மூணாவது நாள் தட்டைத் தள்ளி வச்சுட்டுக் கத்தினேன், அன்னைக்குத்தான் லூர்து பையச் சொன்னார், டாக்டரம்மா போன மாசம் ரெண்டு மாத்திரையை மூணு ஆக்கினாங்கல்ல மேரி, அதுல உனக்கு நாக்கு மரத்திருக்கும்னு. வாயில இரும்பு நக்கின மாதிரி ஒரு ருசி வரும்னு டாக்டரம்மாவும் சொல்லியிருந்தாங்க, அதனால நம்பிட்டேன். அதுக்கப்புறம் கத்தல. உப்பு ஜாடிப் பக்கம் கை போகும், ஜெனிட்டா பார்க்கிற பார்வையில கையை எடுத்துக்குவேன். அம்மாவுக்கு முத்திருச்சுன்னு நெனைச்சுருவாளோன்னு பயம். எனக்குப் பயம்! திண்டுக்கல்லுல லாரிக்காரனுக்கே வழி விடாதவ, ஒரு சிட்டிகை உப்பு எடுக்கப் பயந்துக்கிட்டு, என் நாக்கை நானே நம்பாம, கண்ணை மூடி முழுங்கிட்டுப் போனேன். அழுகை வந்துச்சு, அழுதா அதுக்கும் அதே கேள்விதான் வரும்னு அழல. இன்னைக்குக் காலையில உப்புமாவை முழுங்கும்போது முடிவு பண்ணிட்டேன். திங்கட்கிழமையில இருந்து மாத்திரையை நிறுத்திரணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது, டப்பாவுல இருந்து எடுத்துச் செடியில போட்டுரணும். நாக்கையும் எடுத்துக்கிட்டு, வாயையும் எடுத்துக்கிட்டு, அப்படி ஒரு நிம்மதி எனக்கு எதுக்கு? நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியும். அந்த நாலு நாளும் தெரியும், குளத்துல நிக்கிற அந்த மனுசனும் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தத்தான் போறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க, நான் மட்டும் எங்க இருக்கணும்?

போன் அடிக்குது, ஓரமா நிறுத்துங்க டீச்சர், அந்த வேப்பமரத்துக்குக் கீழ, ஆங், ஹேண்ட் பிரேக். ஆஸ்பத்திரி நம்பர். "சகாயமேரியாம்மா? நான் சிஸ்டர் பேசுறேன், உங்க ரத்த ரிசல்ட் வந்துருச்சு, மருந்தோட அளவு ரத்தத்துல கூடிப்போயிருக்கு, டாக்டரம்மா உடனே வரச் சொல்றாங்க. அடுத்த வேளை மாத்திரை போடாதீங்க. கேட்குதாம்மா? போடாதீங்க." ரெண்டு வருசத்துல முதல் தடவையா ஒருத்தர் என்கிட்டப் போடாதேன்னு சொல்றாங்க. கூட ஒண்ணும் போடலையே சிஸ்டர், எண்ணித்தான் போடுறேன்னேன். "வேற வலி மாத்திரை எதுவும் எடுத்தீங்களா? பேதி, வாந்தி? தண்ணி குறைச்சுட்டீங்களா? சாப்பாட்டுல உப்பைக் கிப்பைக் குறைச்சீங்களா?" என்ன சிஸ்டர்? உப்பா? "ஆமாம்மா, சாப்பாட்டுல உப்பைக் குறைச்சா உடம்பு இந்த மருந்தை வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும், அளவு ஏறிரும், அதான் எதையும் கூட்டிக் குறைக்காதீங்கன்னு முதல்லயே சொல்வாங்களே. வண்டி ஓட்டிட்டு வராதீங்க, யாரையாவது கூட்டிட்டு ஆட்டோவுல வாங்க." போனை மடியில வச்சேன். வேப்பம்பூ ரெண்டு வந்து கண்ணாடியில விழுந்துச்சு. தனியா. உனக்குன்னு தனியா நெய் விட்டுக் கிண்டியிருக்கேன். என் டிபன் பாக்ஸு தனியா. என் குழம்பு தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல, மூடி போட்டு, அம்மாவுக்குன்னு. ஜெனிட்டா ருசி பார்த்ததெல்லாம் அவ தட்டுல. அவ தட்டுல! என் தட்டுல ஒருத்தரும் ஒரு வாய் தின்னு பார்க்கல. அடப்பாவி மனுசா. மாத்திரையும் சரி, நானும் சரி, குழம்புதான் தப்பு. என் நாக்கு உசுரோடதான் இருந்திருக்கு, மூணு வாரமா அது ஒண்ணுதான் எங்க வீட்டுல உண்மை பேசிக்கிட்டு இருந்திருக்கு, அதையும் நான் அடக்கி வச்சிருந்தேன்.

"என்ன மேடம், கெட்ட சேதியா?" டீச்சர் என் கையைப் பிடிச்சாங்க, ஆடுற கையை. ஆஸ்பத்திரிக்குப் போகணும் டீச்சர், நான் ஓட்டக்கூடாதாம், ஆட்டோ பார்க்கணும்னேன். டீச்சர் ரோட்டைப் பார்த்தாங்க, ஒரு ஆட்டோவையும் காணோம். "நான் ஓட்டுறேன்"ன்னாங்க. ஸாரி சொல்லல. கிளச்சு, ஃபர்ஸ்ட், பைய விட்டாங்க, வண்டி குலுங்காமக் கிளம்புச்சு, ரெண்டாவது, பழனி ரோட்டுக்கு வந்ததும் ரோடு காலியாக் கிடந்துச்சு, என்னைப் பார்க்காமலே மூணாவதைப் போட்டாங்க. நான் என் பக்கத்துப் பிரேக் மேல இருந்த காலை எடுத்துக் கீழ வச்சுக்கிட்டேன். லூர்துக்குப் போன் போட்டேன். எடுத்தவுடனே, சொல்லு மேரின்னார், பின்னாடி வால்வு திறந்து தண்ணி ஓடுற சத்தம். உப்புப் போட்டீங்களா? "என்ன?" என் சாப்பாட்டுல உப்புப் போட்டீங்களா, இல்லையா? வால்வை மூடுற சத்தம் கேட்குது. "அந்த மாத்திரையே உப்புன்னாங்கல்ல மேரி. ரெண்டை வேற மூணு ஆக்கிட்டாங்க. எங்கப்பா உப்பாலதான் ரத்தக் கொதிப்பு வந்து கை கால் விழுந்து போனார், நீயும் அப்படி விழுந்துட்டா நானும் பிள்ளையும் என்ன பண்ணுவோம்? அதான், உனக்கு மட்டும் எடுத்து வச்சுட்டு, மத்ததுக்கு..." ஏன் என்கிட்டச் சொல்லல? "சொன்னாக் கத்துவ." அந்த ரெண்டு வார்த்தை நெஞ்சுல போயிக் குத்துச்சு. உப்பில்லாததுகூட இப்படிக் குத்தல. நான் கத்துவேன்னு பயந்து, நான் கத்தினதையே நோவாக்கிட்டாரே இந்த மனுசன். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, உதடு வரைக்கும் இறங்குச்சு, நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். உப்பு. நல்ல உப்பு.

நாங்க போய்ச் சேரும்போது அவர் எங்களுக்கு முந்தி வந்து, கேட்டுக்குப் பக்கத்துல, பாதி நனைஞ்ச காக்கிச் சட்டையோட நிக்கிறார், வால்வு திறக்கிற அந்த நீளக் கம்பி கூடக் கையில அப்படியே இருக்கு, எங்கயும் வைக்கத் தோணல போல. டீச்சர் வண்டியை மதில் ஓரமா நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு, ஸ்டியரிங்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டாங்க. மூணாவது போட்டீங்க டீச்சர், பறந்துச்சான்னு கேட்டேன், இல்லைன்னு தலையை ஆட்டினாங்க. இறங்கினேன். கால் லேசா இழுத்துச்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்து நின்னேன். வருது, அடிவயித்துல இருந்து, நெஞ்சுக்கு வந்து சூடா நிக்குது. பார்த்தேன் அதை. நாலு நாள் தூங்காதவளோட கோபம் எனக்குத் தெரியும், அதுக்குக் கண்ணும் இல்ல, காரணமும் வேண்டாம். இதுக்குக் காரணம் இருக்கு, எதிர்லயே காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது, அது மேல எனக்குப் பாசமும் இருக்கு. இது என்னுது. திங்கட்கிழமை மாத்திரையைச் செடியில போட மாட்டேன், டாக்டரம்மா எத்தனை சொல்றாங்களோ அத்தனை போடுவேன், ஆனா இதை முழுங்க மாட்டேன். "ஏங்க!"ன்னு ஆரம்பிச்சேன், வெளியில உட்கார்ந்திருந்த நாலஞ்சு பேர் திரும்பிப் பார்த்தாங்க. பழக்கதோஷம், அவர் வாய் தானாத் திறந்துச்சு, "மாத்..." அப்படியே நின்னுட்டார். மூஞ்சி செத்துப்போச்சு. பரவாயில்ல, கேளுங்கன்னேன். கேட்கல. நானே சொன்னேன், "போட்டேன். போட்டும் கோபமாத்தான் இருக்கேன்." லூர்து அந்தக் கம்பியைச் சுவத்துல சாத்தி வச்சார். என் கிட்டக்க வந்து, கையைக் கட்டிக்கிட்டு, "சரி மேரி, திட்டு"ன்னார். டீச்சர்கிட்டத் தண்ணி பாட்டிலை வாங்கி ரெண்டு மடக்குக் குடிச்சுட்டு, முதல்நாள் புளிக்குழம்புல இருந்து ஆரம்பிச்சேன்.